பரிசோதனைகள் எல்லாம் நார்மல், நெஞ்சு மட்டும் தவறித் துடிக்கிறது: என்ன செய்யலாம்?

இசிஜி எடுத்தாகிவிட்டது, எக்கோ பார்த்தாகிவிட்டது, இரத்தப் பரிசோதனையும் முடிந்தது; எல்லாம் நார்மல் என்று சொல்லி மருத்துவர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அன்று இரவே, படுத்துச் சற்று நேரத்தில், நெஞ்சுக்குள் ஒரு துடிப்பு விட்டுப்போய், அடுத்த துடிப்பு உள்ளிருந்து உதைப்பதுபோல் வருகிறது. நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் இருதய மருத்துவர்களின் அறைக்கு வெளியே காத்திருந்தவர்களில் நானும் ஒருவன் என்பதால், இந்த நிலையில் இருப்பவர்களுக்குப் பயன்படக்கூடியவற்றை ஓர் ஒழுங்கில் எழுதிவைக்கிறேன். பரிசோதனை முடிவும் உண்மை, நீங்கள் உணர்வதும் உண்மை. செய்யவேண்டிய வேலை இரண்டு: துடிப்பு தவறும் நேரத்திலேயே அதைப் பதிவில் பிடிப்பது, பிடித்து, அது ஆபத்தில்லாதது என்று தெரிந்தபின், அதைத் தேடிக்கொண்டே இருப்பதை நிறுத்துவது. முதல் வேலையைவிட இரண்டாவது கடினம்.

காத்திருக்கக் கூடாத நிலைகள்

துடிப்பு தவறும்போது மயங்கி விழுந்தாலோ, விழப்போவதுபோல் கண் இருட்டினாலோ, நெஞ்சில் அழுத்தமோ மூச்சுத் திணறலோ சேர்ந்து வந்தாலோ, காய்ச்சல் எதுவும் இல்லாமல் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நாடி 120க்கு மேல் ஏறி இறங்காமல் நின்றாலோ, அப்போது இதையெல்லாம் வாசித்துக்கொண்டிருக்காமல் 108ஐ அழைக்க வேண்டும். ஓடும்போதோ, மரம் ஏறும்போதோ, நீந்தும்போதோ வந்த மயக்கம், ஒரே ஒரு முறை வந்து தானாகத் தெளிந்திருந்தாலும், தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் காட்டவேண்டிய ஒன்று.

இதோடு வீட்டுப் பெரியவர்களிடம் சில கேள்விகளைக் கேட்டு, பதிலை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். குடும்பத்தில் 40 வயதுக்குள் திடீரென்று இறந்தவர்கள் உண்டா, உறக்கத்திலேயே போனவர்கள் உண்டா, நன்றாக நீந்தத் தெரிந்திருந்தும் கடலிலோ குளத்திலோ மூழ்கி இறந்தவர்கள் உண்டா என்பவையே அவை. கடைசிக் கேள்வி விசித்திரமாகத் தோன்றலாம். ஆனால் நீண்ட க்யூடி (இசிஜியில் க்யூடி என்ற இடைவெளி, அதாவது ஒவ்வொரு துடிப்பிலும் கீழறையின் மின்செயல் முடிய ஆகும் நேரம், நீண்டுபோவது) எனப்படும் பரம்பரைக் கோளாற்றின் ஒரு வகையில் நீச்சலே ஆபத்தான துடிப்பைத் தூண்டிவிடும். கடலும் குளமும் இத்தனை நெருக்கமாக உள்ள நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் அப்படியொரு மரணம் குடும்பத்தின் நினைவில் வெறும் விபத்தாகவே தங்கியிருக்கும். மூன்றில் எதற்காவது பதில் ஆம் என்றால், உங்கள் இசிஜி நார்மலாக இருந்தாலும் இந்தத் தகவலை மருத்துவரிடம் முதலில் சொல்லுங்கள்.

அந்த உதை எங்கிருந்து வருகிறது

இதயத்தின் மேலறையிலோ கீழறையிலோ உள்ள ஏதோவொரு சிறு இடம், முறைப்படி வரவேண்டிய துடிப்புக்குச் சற்று முன்பாகவே தானாக ஒரு மின்துடிப்பை எழுப்பிவிடுகிறது. முந்திக்கொண்ட அந்தத் துடிப்பின்போது அறைக்குள் போதிய இரத்தம் நிறைந்திருக்காது என்பதால் அது மெலிதாகவே இருக்கும். பெரும்பாலும் நாம் அதை உணர்வதே இல்லை. அதற்குப் பின் ஒரு சிறு இடைவெளி விழுகிறது. அந்த இடைவெளியில் அறை வழக்கத்தைவிட அதிகமாக நிறைந்துவிடுவதால் அடுத்த துடிப்பு பலமாக இறங்குகிறது. ‘நெஞ்சு நின்று மறுபடி ஓடியது’ என்று நாம் சொல்வது உண்மையில் இந்த இடைவெளியையும் அதற்கடுத்த பலமான துடிப்பையும்தான். எந்த நோயும் இல்லாதவர்களிடமும் இப்படிப்பட்ட கூடுதல் துடிப்புகள் இருக்கின்றன. சிலர் ஆயுள் முழுக்க உணராமலே இருக்கிறார்கள், சிலர் ஒவ்வொன்றையும் உணர்கிறார்கள். இடப்பக்கமாகப் படுத்தால் இதயம் மார்புச் சுவரை ஒட்டி வருவதால் இன்னும் தெளிவாகக் கேட்கும். அதற்காகப் பயப்பட வேண்டாம், வலப்பக்கம் திரும்பிப் படுத்தால் போதும்.

பரிசோதனையில் இது அகப்படாமல் போவதன் காரணம் எளிது. வழக்கமான இசிஜி பதிவுசெய்வது ஏறத்தாழ 10 வினாடிகளை மட்டுமே. ஒரு நாளில் இதயம் துடிப்பதோ சுமார் ஒரு லட்சம் முறை. எக்கோ காட்டுவது இதயத்தின் அமைப்பையும் அது இரத்தத்தை வெளியேற்றும் திறனையும்தானே தவிர, நேற்றிரவு என்ன தாளத்தில் துடித்தது என்பதை அல்ல. இருந்தாலும் எக்கோ நார்மல் என்பது மிகப் பெரிய செய்தி. கூடுதல் துடிப்பு உள்ள ஒருவருக்கு எதிர்காலம் எப்படி இருக்கும் என்பதை, அத்துடிப்புகளின் எண்ணிக்கையைவிட, இதயத்தின் அமைப்பு நன்றாக இருக்கிறதா என்பதே பெரும்பாலும் தீர்மானிக்கிறது.

நாடி பார்த்துத் தாளத்தைத் தட்டிக் காட்டுதல்

மருத்துவரிடம் ‘படபடப்பு’ என்று மட்டும் சொன்னால் அது எதையும் குறிக்கலாம். அதனால் துடிப்பு தவறும்போது பெருவிரலுக்குக் கீழே மணிக்கட்டில் மூன்று விரல்களை வைத்து, கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடம் முழுக்க எண்ணுங்கள். 15 வினாடி எண்ணி நான்கால் பெருக்கும் வழக்கம் சீரற்ற நாடிக்குச் சரிவராது. எண்ணும்போதே மற்றொரு கையால் மேசையில் அதே தாளத்தைத் தட்டிப் பழகிக்கொண்டு, பிறகு மருத்துவரின் மேசையில் அப்படியே தட்டிக் காட்டுங்கள். சீரான தட்டல்களுக்கு நடுவே ஒன்று விட்டுப்போனால் அது மேலே சொன்ன கூடுதல் துடிப்பாக இருக்கலாம். சுவிட்சைப் போட்டதுபோல் சட்டென்று தொடங்கி, நிமிடத்துக்கு 150, 180 என்று ஒரே சீரான வேகத்தில் ஓடி, சட்டென்று நின்றால் அது எஸ்விடி எனப்படும் வேறு வகையாக இருக்கலாம். நின்றபின் சிறுநீர் அதிகமாகப் போவதும் அதன் அடையாளங்களுள் ஒன்று. எஸ்விடியைப் பதற்றம் என்று தவறாகக் கணித்து, குறிப்பாகப் பெண்களை, ஆண்டுக்கணக்கில் திருப்பி அனுப்புவது உலகெங்கும் நடக்கிறது. எந்தச் சீரும் இல்லாமல் வேகமும் மெதுவுமாகக் குழம்பிய தாளம், அதிலும் 65 வயதைத் தாண்டியவர்களுக்கோ சர்க்கரையும் இரத்த அழுத்தமும் உள்ளவர்களுக்கோ வந்தால், அது ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனாக இருக்கலாம். அதில் பக்கவாத அபாயம் உண்டு என்பதால் ‘முன்பு எல்லாம் நார்மல்’ என்று இருந்துவிடாமல், அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்கு அந்த நேரத்திலேயே போய் இசிஜி எடுக்கச் சொல்ல வேண்டும்.

இன்னொன்றும் தெரிந்திருப்பது நல்லது. விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரும் வீட்டு பிபி கருவியும் கைக்கு வந்து சேரும் நாடியைத்தான் எண்ணுகின்றன. ஒவ்வொரு சரியான துடிப்புக்கும் ஒரு கூடுதல் துடிப்பு வீதம் வந்துகொண்டிருந்தால், மெலிதான அந்தத் துடிப்புகள் மணிக்கட்டுவரை எட்டாமல் போய், இதயம் 80 முறை துடிக்கும்போது கருவி 40 என்று காட்டும். நள்ளிரவில் 40 என்ற எண்ணைப் பார்த்துக் குலைநடுங்கிப் போகிறவர்களில் சிலருக்கு நடந்திருப்பது இதுதான். ஆனால் எண் குறைந்திருப்பதோடு தலைசுற்றலோ மயக்கமோ இருந்தால் கருவியின் மேல் பழியைப் போடாமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

ஹோல்டர் கட்டும் நாள்

24 அல்லது 48 மணிநேரம் தொடர்ந்து பதிவுசெய்யும் ஹோல்டர்தான் இந்தத் தேடலில் முதன்மையான கருவி. அதைக் கட்டிக்கொண்ட அன்று பலர், ஏதோ அறுவைசிகிச்சை முடிந்தவர்களைப்போல், வீட்டில் சாய்ந்து கிடக்கிறார்கள். கருவியும் அவர்கள் சாய்ந்து கிடந்ததை அழகாகப் பதிவுசெய்து தருகிறது. அன்றைக்கு நீங்கள் எப்போதும் செய்வதைச் செய்ய வேண்டும். ரப்பர் பால் வெட்டுபவர் விடியுமுன் தோட்டத்துக்குப் போக வேண்டும். கடைக்காரர் கடையில் நிற்க வேண்டும். எந்த நேரத்தில் சாயா குடிப்பீர்களோ அந்த நேரத்தில் குடிக்க வேண்டும். நம் ஊர்ப் புழுக்கத்தில் மார்பில் ஒட்டிய வில்லைகள் வியர்வையில் கழன்றுவிடுவது பெரிய தொல்லை என்பதால், ஒட்டுவதற்கு முன் குளித்து, எண்ணெயோ பவுடரோ பூசாமல், மார்பில் முடி அதிகமிருந்தால் மழித்துக்கொண்டு, முன்பக்கம் பொத்தான் உள்ள தளர்ந்த சட்டையோடு போங்கள். வில்லை கழன்றால் ஒட்டுவதற்கு மருத்துவ டேப் ஒரு சுருளைக் கேட்டு வாங்கி வையுங்கள். துடிப்பு தவறியதும் கருவியில் உள்ள பொத்தானை அழுத்தி, நேரத்தையும் அப்போது செய்துகொண்டிருந்ததையும் தாளில் எழுதுங்கள். அந்தத் தாள் இல்லாமல் அறிக்கைக்குப் பாதி மதிப்புதான்.

அறிக்கையில் நீங்கள் பொத்தானை அழுத்திய நேரத்தில் கூடுதல் துடிப்பு பதிவாகியிருந்தால் புதிருக்கு விடை கிடைத்துவிட்டது. நாளொன்றுக்குச் சில நூறு கூடுதல் துடிப்புகள், எக்கோ நார்மலாக உள்ளவருக்கு, பொதுவாகக் கவலைக்குரியவை அல்ல. கீழறையில் எழுபவை மொத்தத் துடிப்புகளில் 10 சதவீதத்தைத் தாண்டினால், நாளடைவில் இதயத் தசை தளர்கிறதா என்று பார்க்க அவ்வப்போது எக்கோ எடுப்பார்கள். பொத்தானை அழுத்திய நேரத்தில் தாளம் சீராகவே இருந்திருந்தால், நீங்கள் உணர்வது சாதாரணத் துடிப்பைக் கூர்மையாக உணர்வதே என்று தெரியும்; அதுவும் ஒரு விடைதான்.

மாதம் ஒருமுறை மட்டும் வரும் தொல்லை ஹோல்டரில் அகப்படாது. அதற்கு வாரக்கணக்கில் அணியும் கருவிகளும், தோலுக்கடியில் பொருத்தும் லூப் ரெக்கார்டரும் உள்ளன. இசிஜி எடுக்கும் வசதியுள்ள ஸ்மார்ட் வாட்ச் வீட்டில் யாரிடமாவது இருந்தால், துடிப்பு தவறும் நேரத்தில் 30 வினாடிப் பதிவு ஒன்றை எடுத்து மருத்துவரிடம் காட்டலாம். ஆரம்பக் கட்டத்துக்கு ஆரம்ப சுகாதார நிலையமும், அடுத்து ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் போதும். எஸ்விடி என்ற ஐயமோ, 10 சதவீதக் கணக்கோ வந்தால் இதயத்தின் மின்னோட்டத்துக்கென்றே உள்ள எலக்ட்ரோபிசியாலஜி நிபுணரைக் காண வேண்டியிருக்கும். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்துக்கு நம் ஊர்க்காரர்கள் போவது வழக்கம். மருத்துவரின் பரிந்துரைக் கடிதம், பழைய இசிஜிகள், ஹோல்டர் அறிக்கை ஆகியவற்றைத் தேதி வரிசைப்படி ஒரே கோப்பில் அடுக்கிக் கொண்டுபோங்கள். தாளம் தவறியது பதிவான தாள்தான் அந்தக் கோப்பின் உயிர்; அதைப் படமெடுத்துக் கைபேசியிலும் வைத்திருங்கள். ஹீமோகுளோபின், தைராய்டு, பொட்டாசியம், மெக்னீசியம் ஆகிய நான்கும் பார்க்கப்பட்டனவா என்று ஒருமுறை சரிபாருங்கள். இரத்தசோகையும் தைராய்டு மிகுதியும் எளிதில் சரிசெய்யக்கூடிய காரணங்கள்.

தூண்டுவது எது என்று கண்டுபிடித்தல்

எல்லாவற்றையும் ஒரே நாளில் விட்டுவிடுகிறவருக்கு எது காரணம் என்று கடைசிவரை தெரியாது. ஒரு குறிப்பேடு போட்டு, இரண்டு வாரத்துக்கு ஒன்றை மட்டும் நிறுத்திப் பாருங்கள். குறிப்பு நீளமாக இருக்க வேண்டியதில்லை. ‘செவ்வாய், இரவு 10.40. மரச்சீனியும் மீன்கறியும் வயிறு நிறையத் தின்று உடனே படுத்தது. விட்டு விட்டு ஐந்தாறு துடிப்பு. எழுந்து நடந்ததும் நின்றது.’ இவ்வளவு போதும். இப்படிப்பட்ட குறிப்புகள் சேரும்போது பலருக்கும் வெளிப்படுவது வயிறுதான். வயிறு உப்பியிருக்கும்போது அதையும் இதயத்தையும் இணைக்கும் நரம்பு வழியாகக் கூடுதல் துடிப்பு வருவதுண்டு. எனவே இரவுச் சாப்பாட்டைக் குறைத்து, படுப்பதற்கு இரண்டு மூன்று மணிநேரம் முன்பே முடித்துவிடுங்கள்.

ஆனால் ‘வாயுதான்’ என்று முடிவுகட்டி, மருந்துக்கடையில் பேன்டோபிரசோலும் டோம்பெரிடோனும் சேர்ந்த கேப்ஸ்யூலை மாதக்கணக்கில் வாங்கி விழுங்குவது நம்மிடையே மிகப் பரவலான பழக்கம். இதைத்தான் நான் எல்லாவற்றிலும் ஆபத்தானதாகக் கருதுகிறேன். டோம்பெரிடோன் சிலருக்கு க்யூடி இடைவெளியை நீட்டி, துடிப்பின் தாளத்தையே குலைக்கக்கூடியது; ஐரோப்பிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2014இல் அதைக் குறைந்த அளவில், பொதுவாக ஒரு வாரத்துக்கு மேற்படாமல் மட்டுமே பயன்படுத்தச் சொன்னது. பேன்டோபிரசோல் வகை மருந்துகளை நெடுங்காலம் எடுத்தால் இரத்தத்தில் மெக்னீசியம் குறையலாம், அதுவும் கூடுதல் துடிப்புக்கு வழிவகுக்கும். நெஞ்சு தவறுகிறது என்று எடுத்த மருந்தே நெஞ்சைத் தவறவைக்கும் என்றால் என்ன செய்வது! ஜலதோஷத்துக்கான மாத்திரைகளில் உள்ள சூடோஎபெட்ரின், ஆஸ்துமாவுக்கான சால்புடமால், அளவு கூடிய தைராக்சின் ஆகியவையும் படபடப்பைத் தரும். மருத்துவர் எழுதித் தந்தவற்றை நீங்களாக நிறுத்தாமல், அவரிடம் கேட்டு மாற்றுங்கள்.

நாட்டு மருந்துகளுக்கும் இதே கவனம் வேண்டும். அரிஷ்டங்களில் புளித்தலால் தானாக உண்டாகும் மது உள்ளது. இருமலுக்கு நாள்தோறும் மெல்லும் அதிமதுரம் அளவு மீறினால் உடலின் பொட்டாசியத்தைக் குறைத்துவிடும். வைத்தியரிடம் போகும்போது துடிப்பு தவறுவதைச் சொல்லியே மருந்து வாங்குங்கள்.

கட்டன்சாயாவைப் (பால் சேர்க்காத தேநீர்) பொறுத்தவரை, அது எல்லோருக்கும் எதிரி அல்ல. இரண்டு வாரம் நிறுத்தியும் வேறுபாடு தெரியவில்லையென்றால் தாராளமாகக் குடிக்கலாம். ஆனால் விடியற்காலை வெறும் வயிற்றில் இரண்டு கிளாஸ் கடும் சாயாவும் அரைத் தூக்கமும் வெயில் வேலையும் சேர்ந்தால், குற்றம் சாயாவுடையதா தூக்கத்தினுடையதா என்று பிரித்தறிவது கடினம். அப்போது முதலில் திருத்தவேண்டியது தூக்கத்தைத்தான். பால் வெட்டுக்கும் மீன்பிடிக்கும் போகிறவர்கள் மாலை 8 மணிக்கே படுக்கப் பழக வேண்டும். உரக்கக் குறட்டை விட்டு, நடுவில் மூச்சு நின்று விழிப்பவர்கள் அதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். மது, புகையிலை இரண்டையும் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை, விட்டுவிடுங்கள். திருவிழா, கிறிஸ்துமஸ் இரவுகளில் ஒரே மூச்சில் நிறையக் குடித்துவிட்டு, மறுநாள் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனோடு மருத்துவமனைக்கு வருவதற்கு மருத்துவத்தில் தனிப்பெயரே இருக்கிறது.

வியர்த்துக் கொட்டும் மாதங்களில் தண்ணீரும் உப்பிட்ட கஞ்சித்தண்ணீரும் இளநீரும் நம்மிடமே உள்ள மருந்துகள். மட்டிப்பழமும் நேந்திரனும் பொட்டாசியம் தருபவை. ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், பொட்டாசியத்தை உடலில் தக்கவைக்கும் இரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இளநீரையும் பழத்தையும் கூட்டக் கூடாது. மாதவிடாய் நிற்கும் வயதிலும் கர்ப்ப காலத்திலும் கூடுதல் துடிப்பு மிகுவது சாதாரணம். இரத்தசோகையைப் பார்த்துவிட்டால் பெரும்பாலும் காத்திருப்பதே போதும்.

துடிப்பு தவறும் அந்த நேரத்தில்

படுத்திருந்தால் எழுந்து உட்காருங்கள். நான்கு எண்ணும்வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும்வரை மெல்ல விடுங்கள். நிமிடத்துக்கு ஆறு மூச்சு என்ற கணக்கில் சில நிமிடம் தொடருங்கள். பிறகு முற்றத்தில் நடந்து பாருங்கள். இதயத்தின் இயல்பான வேகம் சற்றுக் கூடினால் கூடுதல் துடிப்புக்கு நுழைய இடம் குறையும்; நடந்ததும் மறைந்துவிடும் துடிப்பு பெரும்பாலும் நல்ல வகை. நடக்க நடக்கக் கூடினால் அதை அடுத்த முறை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள், டிரெட்மில் பரிசோதனை தேவைப்படலாம்.

எஸ்விடி என்று உறுதியானவர்களுக்கு மட்டும், அதுவும் மருத்துவர் காட்டித் தந்தபின், ஒரு முறை உண்டு. பாதி சாய்ந்து உட்கார்ந்து, 10 மில்லி சிரிஞ்சின் வாய்க்குள், உள்ளே இருக்கும் தண்டு நகரும் அளவுக்கு 15 வினாடி முக்கி ஊத வேண்டும். உடனே மல்லாந்து படுத்து, வேறொருவர் கால்களை 15 வினாடி உயர்த்திப் பிடிக்க வேண்டும். இங்கிலாந்தில் நடத்தப்பட்டு 2015இல் வெளியான ஆய்வில், உட்கார்ந்தபடி முக்கும் பழைய முறையில் 100இல் 17 பேருக்கு நின்றது, இப்படிக் கால் உயர்த்தியபோது 43 பேருக்கு நின்றது. கழுத்தைத் தடவி நிறுத்தும் முறையை மட்டும் வீட்டில் செய்ய வேண்டாம். வர்ம ஆசான்களுக்கு இன்றும் மதிப்புள்ள மாவட்டம் இது. சுளுக்குக்கும் அடிபட்டதற்கும் அவர்களிடம் போகிறவர்கள் போகட்டும், கழுத்தை மட்டும் அழுத்த விட வேண்டாம். வயதானவர்களின் கழுத்துத் தமனியில் படிந்திருக்கும் கொழுப்பு அழுத்தத்தில் பெயர்ந்தால் பக்கவாதம் வரும்.

தேடுவதை நிறுத்துதல்

பயந்தால் அட்ரினலின் சுரக்கும், அட்ரினலின் சுரந்தால் கூடுதல் துடிப்பு கூடும், கூடியதைக் கண்டு மேலும் பயம் வரும். இந்தச் சுழலை அறுக்க முதல் வழி, காரணம் தெரிந்தபின் நாடி பார்ப்பதைக் கட்டுப்படுத்துவது. காலையில் ஒரு முறை, தேவைப்பட்டால் மாலையில் ஒரு முறை; ஆக்சிமீட்டரை அலமாரியில் பூட்டி வைப்பது உத்தமம். வீட்டாரின் பேச்சு இதில் எளிதாக இருக்காது. ‘மக்களே, ஒண்ணும் இல்லேன்னு டாக்டர் சொல்லிட்டாரு இல்லியா, பின்ன எதுக்கு நெஞ்சுல கைய வச்சுட்டு இருக்க?’ என்று அம்மா கேட்பது அன்பினால்தான். அவரிடம் ‘கூடுதல் துடிப்பு இருக்கிறது, பதிவாகியும் இருக்கிறது, ஆபத்தில்லை, ஆனால் வரும்போது தெரியும்’ என்று ஒரே வாக்கியத்தில் சொல்லி, முதலில் சொன்ன காத்திருக்கக் கூடாத நிலைகளில் ஏதாவது வந்தால் மட்டும் 108ஐக் கூப்பிடச் சொல்லிவிடுங்கள். பயம் தூக்கத்தையும் வேலையையும் கெடுக்கும் அளவுக்குப் போனால் மனநல மருத்துவரைப் பார்ப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. டெலிமானஸ் எனும் அரசின் மனநலத் தொலைபேசிச் சேவையின் 14416 எண்ணில் தமிழிலேயே பேசலாம். எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றும் பேச்சுச் சிகிச்சை இந்தச் சுழலுக்கு நன்றாகவே பயன்படுகிறது.

தொல்லை தாங்க முடியாதபோது மருத்துவர் மெட்டோப்ரொலால் போன்ற பீட்டா பிளாக்கர் தருவார். அது துடிப்பைக் குறைக்கலாம், அல்லது உணர்வின் கடுமையை மட்டும் குறைக்கலாம். ஆஸ்துமா இருந்தால் முன்பே சொல்ல வேண்டும். நினைத்தபோது சட்டென்று நிறுத்தக் கூடாது. பக்கத்து வீட்டு அண்ணனுக்கு எழுதிய சீட்டைக் காட்டி வாங்கவும் கூடாது. தூத்தூர், வள்ளவிளை பகுதிகளிலிருந்து வாரக்கணக்கில் ஆழ்கடலுக்குப் போகிறவர்கள் நாள் கணக்குக்கு மேல் ஒரு வாரத்துக்கான மாத்திரையை நனையாத உறையில் எடுத்துக்கொண்டு, படகில் உடன் வரும் ஒருவரிடம் விவரம் சொல்லி வைக்க வேண்டும். மயக்கம் வந்த வரலாறு உள்ளவர்கள் காரணம் தெரியும்வரை பனையோ தென்னையோ ஏறவும், கடலுக்குப் போகவும், வண்டி ஓட்டவும் கூடாது. மற்றவர்கள் எல்லா வேலையும் செய்யலாம். துடிப்பின் தன்மை மாறினாலோ, புதிதாக மூச்சு வாங்கினாலோ, கால் வீங்கினாலோ பழைய நார்மல் அறிக்கையை நம்பி இருக்காமல் எக்கோவையும் ஹோல்டரையும் மறுபடி எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.